கணைய அழற்சியில் ரத்த ஓட்டமும் ஆன்டிஆக்சிடன்ட் மருந்தும்: ஒரு எளிய விளக்கம்

"அக்கா, உள்ளே வெறும் குளுக்கோஸ் பாட்டில்தான் ஏறிட்டு இருக்கு. யூசுஃப் சராய்ல மெடிக்கல் கடையில ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூல் இருக்காம். வாங்கிக் குடுக்கட்டுமா?"

தெற்கு தில்லியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம் அடிக்கடி வரும். ஊரிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்களும், ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் வருஷக்கணக்காகக் குடியிருப்பவர்களும், டாக்டர் இந்தியில் வேகமாகச் சொன்னதைப் பாதி புரிந்துகொண்டு ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தமிழில் யாராவது சொன்னால் தேவலை என்றிருக்கும். நான் டாக்டர் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள் உடம்புக்குள் நடக்கும் எதைக் காட்டுகின்றன என்று சொல்ல முடியும்.

கேப்சூல் பற்றிய கேள்வி நியாயமானதுதான். திடீர்க் கணைய அழற்சியில் ஆன்டிஆக்சிடன்ட் உதவும் என்ற எண்ணத்துக்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. நாற்பது வருஷமாக அதில் ஆராய்ச்சி நடக்கிறது. இருந்தும் வார்டில் அதைக் கொடுப்பதில்லை. ஏன் என்று விளங்க, கணையத்துக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதில் தொடங்க வேண்டும்.

கணையத்துக்கு என்ன நேர்கிறது?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். எடை 100 கிராம் அளவுக்குள். இன்சுலின் சுரப்பது அதன் ஒரு வேலை. மற்றொன்று, நாம் சாப்பிடுவதைச் செரிக்கும் நீரைச் சுரப்பது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்கு அது சிறுகுடலில் போய் விழுகிறது. புரதத்தை உடைக்கும் டிரிப்சின், கொழுப்பை உடைக்கும் லைபேஸ், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் எல்லாம் அதில் உண்டு.

புரதத்தையே உடைக்கும் ஒன்றை, புரதத்தால் ஆன ஓர் உறுப்பு எப்படிப் பத்திரமாக வைத்திருக்கிறது? டிரிப்சின் கணையத்தில் இருக்கும்வரை டிரிப்சினோஜென் என்ற செயலற்ற வடிவில் இருக்கும். சிறுகுடலுக்குப் போன பிறகுதான் அங்குள்ள என்டெரோகைனேஸ் என்ற நொதி அதைச் செயல்பட வைக்கும். தப்பித் தவறி உள்ளேயே கொஞ்சம் விழித்துக்கொண்டாலும் அதை அடக்கக் கணையத்திடம் தனிப் புரதம் இருக்கிறது.

இந்தக் காவலெல்லாம் மீறி, டிரிப்சின் கணையச் செல்லுக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிட்டால் கணையம் தன்னைத்தானே செரிக்க ஆரம்பிக்கிறது. இதுதான் திடீர்க் கணைய அழற்சி. பிராகில் பணியாற்றிய நோயியல் மருத்துவர் ஹான்ஸ் கியாரி 1896இலேயே இதைச் சொல்லிவிட்டார். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி, நிற்காத வாந்தி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் ஆறுதல் என்பது இதன் வழக்கமான முகம். பலரும் கேஸ் என்று நினைத்து ஈனோ குடித்துவிட்டு ஒரு ராத்திரியைக் கடத்திவிடுகிறார்கள். அந்த ராத்திரி எவ்வளவு முக்கியமானது என்பது கீழே வரும்.

காரணங்களில் முதல் இரண்டு, பித்தக்கல்லும் மதுவும். பித்தக்கல் தென்னிந்தியாவைவிட வட இந்தியாவில், அதுவும் கங்கைச் சமவெளியில், அதிகம். குடிக்கவே குடிக்காத அம்மாவுக்கு எப்படிக் கணையத்தில் வந்தது என்று திகைக்கும் குடும்பங்களிடம் முதலில் நான் கேட்பது, பித்தப்பை ஸ்கேன் எடுத்தீர்களா என்றுதான். மூன்றாவது காரணம் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு. அது டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினால் கணையத்துக்கு ஆபத்து. அப்படிப்பட்டவரின் ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால், மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, கலங்கலாக நிற்கும். குழாயின் மறுபக்கம் தெரியாது. அந்த மாதிரியில் அமைலேஸ் பார்த்தால் எண் தப்பாகக் குறைத்தும் காட்டலாம். அதனால் குழாயைப் பார்த்தவுடனேயே வார்டுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவோம்.

அமைலேஸ், லைபேஸ் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இயல்பின் மேல் எல்லையைப் போல் 3 மடங்குக்கு மேல் போனால் நோயை உறுதிசெய்ய அவை உதவும். நோய் எவ்வளவு கடுமை என்பதை அவை காட்டாது. 2000 இருந்தது 800 ஆகிவிட்டது, இனிப் பயமில்லை என்று நிம்மதிப்படுவதும், 3000 என்றவுடன் அழுவதும், இரண்டுமே அந்த எண்ணை வைத்துச் செய்ய வேண்டியதில்லை.

நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு இது லேசாக வந்து ஒரு வாரத்தில் அடங்கிவிடும். மீதிப் பேருக்குத்தான் சிக்கல். கணையத்தின் ஒரு பகுதி செத்துப்போகலாம், நுரையீரலோ சிறுநீரகமோ தடுமாறலாம். உறுப்புச் செயலிழப்பு 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அதைக் கடுமையான வகை என்று இந்த நோயின் கடுமையைப் பிரித்துச் சொல்ல டாக்டர்கள் பயன்படுத்தும், 2012இல் திருத்திய அட்லான்டா வகைப்பாடு சொல்கிறது. ஒரே நோய் ஒருவருக்கு வீக்கத்தோடு நிற்கிறது, இன்னொருவருக்குத் திசு அழுகும் அளவுக்குப் போகிறது. இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணங்களில் ஒன்று ரத்த ஓட்டம்.

கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது

காவிரிப் பாசனத்தில் கடைமடை வயலின் கதை நமக்குத் தெரியும். ஆற்றில் தண்ணீர் ஓடும், பெரிய வாய்க்காலிலும் ஓடும். ஆனால் கடைசி வயலுக்கு வரும் ஒரே கிளையில் மண் சரிந்துவிட்டால் அந்தப் பயிர் காய்ந்துபோகும். பக்கத்து வாய்க்காலிலிருந்து திருப்பிவிட வழியிருக்காது. கணையத்தின் நிலையும் அதுதான். பெரிய தமனிகள் வழியாக அதற்குத் தாராளமாக ரத்தம் வருகிறது. உள்ளே போகப் போக, கணையத்தின் ஒவ்வொரு சின்ன மடலுக்கும் பெரும்பாலும் தனித்தனியாக ஒரு நுண்தமனிதான் போகிறது. அது சுருங்கினாலோ அடைத்தாலோ பக்கத்திலிருந்து உதவி வருவது கடினம்.

அழற்சி தொடங்கியதும் மூன்று சங்கடங்கள் ஏறக்குறைய ஒன்றாக நடக்கின்றன. நுண்தமனிகள் இறுகிச் சுருங்குகின்றன. தந்துகிகள் என்ற மிக மெல்லிய குழாய்களின் சுவரில் இடைவெளி விட்டு, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. வெள்ளணுக்கள் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, கூடவே சின்னச் சின்ன ரத்தக்கட்டிகளும் சேர்ந்து வழியை அடைக்கின்றன.

இதில் கசிவைத்தான் நான் தினமும் என் மேஜையில் பார்க்கிறேன். ஹெமட்டோகிரிட் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதே அது. மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் இறங்கிவிடும், மேலே பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி நிற்கும். இரண்டின் எல்லைக் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே போதும். இப்போது இயந்திரமே கணக்குப் போட்டுத் தந்துவிடுகிறது. வழக்கமாக 36, 37 இருக்கும் ஒரு பெண்ணுக்குத் திடீரென்று 47 வந்தால் அவருக்குச் சிவப்பணு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. நீர்ப்பகுதி குழாய்களை விட்டு வயிற்றுக்குள்ளும் திசுக்களுக்குள்ளும் போய்விட்டது. மிச்சமிருக்கும் ரத்தம் கெட்டியாகிவிட்டது. கெட்டியான ரத்தம், சுருங்கிய குழாயில் இன்னும் மெதுவாக ஓடும். சேர்க்கும்போது 44 சதவீதத்துக்கு மேல் இருந்து, ஒரு நாள் கழித்தும் இறங்காமல் நின்றால் டாக்டர்கள் கவலைப்படுவது அதனால்தான். ரத்தத்தில் யூரியா என்ற கழிவு ஏறிக்கொண்டே போவதும் அதே செய்தியைச் சொல்லும்: சிறுநீரகத்துக்கும் போதிய ரத்தம் போகவில்லை.

சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனில் இதையே படமாகப் பார்க்கலாம். ரத்தம் போகும் இடத்துக்குச் சாயமும் போகும், அந்த இடம் பளிச்சென்று தெரியும். ரத்தம் போகாத பகுதி மங்கலாகவே இருக்கும். அதுதான் செத்துப்போன திசு. ஆனால் இந்த எல்லை தெளிவாகத் தெரியக் குறைந்தது 72 மணி நேரம் ஆகும். முதல் நாளே சி.டி. எடுக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்ளும் உறவினர்களிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். நோய் என்னவென்றே சந்தேகம் இருந்தால் சீக்கிரமே எடுப்பார்கள், அது வேறு.

ஆக்சிஜன் எங்கே குறுக்கே வருகிறது?

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் ஒரு சின்னப் பங்கு, செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளில் முரட்டு வடிவங்களாக மாறும். சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் என்று அவற்றுக்குப் பெயர்கள். பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், மரபணு எதிலிருந்தாவது எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு அதைச் சேதப்படுத்துவது இவற்றின் இயல்பு. உடம்பில் எப்போதும் இவை கொஞ்சம் இருக்கும். குளுட்டதியோன் என்ற பொருளும், வைட்டமின் சி, ஈ ஆகியவையும், சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் என்ற நொதிகளும் அவற்றை அவ்வப்போது அடக்கிவிடும். இந்த அடக்கும் கூட்டம்தான் ஆன்டிஆக்சிடன்ட்.

கணைய அழற்சியில் சமநிலை குலைகிறது. ஓடிவந்த வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் சூப்பர்ஆக்சைடை இங்கே, கிருமியே இல்லாத இடத்தில், கொட்டுகின்றன. ரத்தம் நின்று நின்று ஓடும் திசுவில் சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதே சரக்கை உற்பத்தி செய்கிறது. செயல்படத் தொடங்கிவிட்ட டிரிப்சினே அந்த நொதியை இந்த அபாயகரமான வடிவத்துக்கு மாற்றவும் செய்யும். மறுபக்கம், கணையச் செல்லில் இருந்த குளுட்டதியோன் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. நோயாளிகளின் ரத்தத்தில் வைட்டமின் சி அளவும் தாழ்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, இதற்கும் ரத்த ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை இடைவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கிறது. குழாயைத் தளர்த்தி விரிந்த நிலையில் வைத்திருப்பதும், வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. இதயமும் ரத்தக் குழாய்களும் பயன்படுத்தும் செய்தி இதுதான் என்று கண்டுபிடித்ததற்காக 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சூப்பர்ஆக்சைடு இந்த நைட்ரிக் ஆக்சைடைப் பார்த்த கணத்தில் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற, இன்னும் நாசகரமான பொருளாகிவிடும். ஒரே வினையில் இரண்டு நஷ்டம். குழாயைத் தளர்த்தி வைத்திருந்தது காணாமல் போனது. அதன் இடத்தில் சுவரையே அரிக்கும் ஒன்று வந்து சேர்ந்தது.

குழாய் சுருங்குகிறது, சுவர் கசிகிறது, வெள்ளணு ஒட்டுகிறது. ஒட்டிய வெள்ளணு மறுபடி சூப்பர்ஆக்சைடைக் கொட்டுகிறது. ஓட்டம் குறைந்த இடத்தில் சாந்தைன் ஆக்சிடேஸ் மறுபடி உற்பத்தியைக் கூட்டுகிறது. மேலே சொன்ன மூன்று சங்கடங்களும் இந்த ஒரு சுற்றில் வந்து சேர்வதைக் கவனியுங்கள். இதைப் படிக்கும் எவருக்கும் அடுத்து தோன்றுவது ஒன்றுதான்: ஆன்டிஆக்சிடன்டைக் கொடுத்து இந்தச் சுற்றை அறுத்துவிடலாமே?

எலியில் பலித்தது

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சான்ஃபீ, பல்க்லி, கேமரூன் என்ற மூவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு தொடக்கப் புள்ளி. நாயின் கணையத்தைத் தனியே எடுத்து, ரத்தம் பாய்ச்சி உயிரோடு வைத்து, கொழுப்பு அமிலம் செலுத்தியும், ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தியும், கணைய நீர் வெளியேறும் குழாயைப் பாதி அடைத்தும் அழற்சியை உண்டாக்கினார்கள். சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸையும் கேட்டலேஸையும் முன்கூட்டிச் சேர்த்தபோது பாதிப்பு வெகுவாகக் குறைந்தது.

அதற்குப் பிறகு எலிகளில் எத்தனையோ சோதனைகள். எலிக்குக் கணைய அழற்சி வரவைக்கப் பெரும்பாலும் சிருலீன் என்ற பொருளை ஊசியாகப் போடுகிறார்கள். ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையின் தோலிலிருந்து 1960களில் பிரித்தெடுத்தது அது. கணையத்தை அளவுக்கு மீறித் தூண்டிவிடும். நுண்ணோக்கியின் கீழ், உயிருள்ள எலியின் கணையத்தில் தந்துகிகளில் ரத்தம் ஊர்வதையும், வெள்ளணு சுவரில் உருண்டு வந்து நின்றுவிடுவதையும் நேரடியாகவே பார்க்கலாம். ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்த விலங்குகளில் ஓட்டம் மேம்பட்டதையும், ஒட்டும் வெள்ளணு குறைந்ததையும் பல குழுக்கள் கண்டன. யோசனை சரியானதுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

மனிதரில் நடந்தது

2007இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரை மையமாகக் கொண்ட குழு ஒன்று ஒரு முக்கியமான சோதனையின் முடிவை வெளியிட்டது. கடுமையான கணைய அழற்சி வந்த 43 பேர். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் திரவம் என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்துப் பிரிவினருக்கு என்-அசிட்டைல்சிஸ்டீன், செலினியம், வைட்டமின் சி என்ற மூன்று ஆன்டிஆக்சிடன்டுகளும் நரம்பு வழியாகவே ஏற்றப்பட்டன. அதாவது வயிறு உறிஞ்சுமா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை.

ரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் அளவு ஏறியது. ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அடையாளங்கள் குறைந்தன. மருந்து தன் வேதியியல் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் 7ஆம் நாளில் உறுப்புச் செயலிழப்பு மருந்து பெற்றவர்களிடம் குறைந்திருக்கவில்லை. எண்ணிக்கையில் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் நன்மை என்று சொல்ல எதுவும் இல்லை. நடுவில் கணக்குப் பார்த்துவிட்டுச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். நமக்குப் பக்கத்தில், சண்டிகரில் வைட்டமின் ஏ, சி, ஈ வைத்து நடந்து 2011இல் வெளியான சோதனையிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாளைக்கு 10 கிராம் வைட்டமின் சி ஏற்றிப் பலன் கண்டதாக 2003இல் சீனாவிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டால், வழக்கமான சிகிச்சையில் சேர்க்கும் அளவுக்குத் தேறவில்லை.

ஏன்? எனக்குப் படுவது, முதல் காரணம் நேரம். எலிக்கு அழற்சி எந்த நிமிஷம் தொடங்குகிறது என்று சோதனை செய்பவருக்குத் தெரியும். மருந்தை அதற்கு முன்போ உடனேயோ கொடுத்துவிடலாம். மனிதர் வலி வந்து, கேஸ் மாத்திரை போட்டு, விடியட்டும் என்று காத்திருந்து, பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அதற்குள் அந்தச் சுற்று பல தடவை சுழன்று, ஆக்சிஜனின் வேலை முடிந்து, அழற்சி உடம்பு முழுக்கப் பரவும் கட்டத்துக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது, நரம்பில் ஏற்றும் எந்த மருந்தும் ரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். ஓட்டம் நின்றுபோன கடைமடைக்குத்தான் மருந்து வேண்டும், அங்கேதான் அது போகாது. மூன்றாவது, இந்த முரட்டு ஆக்சிஜன் வடிவங்கள் எல்லாமே கெடுதல் இல்லை. வெள்ளணு கிருமியைக் கொல்வதற்கும், செல்கள் தங்களுக்குள் சேதி சொல்வதற்கும் அவை தேவை. எல்லாவற்றையும் ஒரேயடியாக அடக்குவது நல்லதா என்பதே சந்தேகம்.

"சத்துதானே, கெடுதல் ஒன்றும் செய்யாதே" என்று சொல்பவர்களுக்கு நெதர்லாந்தில் நடந்ததைச் சொல்வேன். அது ஆன்டிஆக்சிடன்ட் அல்ல, நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக். கடுமையாகும் அபாயம் உள்ள கணைய அழற்சி நோயாளிகளுக்குக் குழாய் வழியே கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2008இல் வந்தது. புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 6 சதவீதம். பெற்றவர்களில் 9 பேருக்குக் குடலுக்கு ரத்தம் போகாமல் பாதிப்பு வந்தது, மற்றப் பிரிவில் ஒருவருக்கும் இல்லை. ரத்த ஓட்டம் தடுமாறிக்கொண்டிருக்கும் உடம்பில், வெளியிலிருந்து பார்க்கச் சாதுவாகத் தெரியும் பொருளும் இப்படிச் செய்யலாம். அந்த எண்களை முதன்முதலில் படித்தபோது வெகுநேரம் மனசு ஆறவில்லை.

அந்த 'வெறும்' பாட்டில்

ஏறிக்கொண்டிருப்பது பெரும்பாலும் குளுக்கோஸே இல்லை. பாட்டிலைத் திருப்பிப் படித்துப் பாருங்கள், ரிங்கர் லாக்டேட் என்றிருக்கும். உப்புகளின் அளவை ரத்தத்துக்கு நெருக்கமாக வைத்துச் செய்த திரவம் அது. கசிந்துபோன நீரை ஈடுசெய்து, கெட்டியான ரத்தத்தை இளக்கி, நுண்குழாய்களில் மறுபடி ஓட வைப்பதுதான் நோக்கம். இன்றைக்கு நம் கையில் இருப்பதில் கணையத்தின் ரத்த ஓட்டத்துக்கான முதல் சிகிச்சை அதுதான்.

அப்படியானால் நிறைய ஏற்றலாமே என்று தோன்றும். பல வருஷம் டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இந்தியா, ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோ ஆகிய நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய 'வாட்டர்ஃபால்' என்ற சோதனை 2022இல் இதைத் தெளிவாக்கியது. மொத்தம் 249 நோயாளிகள். 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொண்டால், தாராளப் பிரிவில் தொடக்கத்திலேயே 1200 மில்லி, பிறகு மணிக்கு 180 மில்லி. நிதானப் பிரிவில், உடம்பு வறண்டிருந்தால் மட்டும் 600 மில்லி, பிறகு மணிக்கு 90 மில்லி. தாராளப் பிரிவில் 20.5 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் அதிகமாகிச் சிக்கல் வந்தது, நிதானப் பிரிவில் 6.3 சதவீதம் பேருக்கு. நோயின் கடுமை தாராளமாக ஏற்றியதால் குறையவும் இல்லை. அந்தச் சோதனையையும் பாதியிலேயே நிறுத்தினார்கள். கசியும் குழாயில் அளவுக்கு மீறி ஊற்றினால் அது நுரையீரலிலும் வயிற்றிலும் போய்த் தேங்கும், அவ்வளவுதான்.

ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வேகமாக ஏறுகிறது, எங்களுக்குச் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது என்று நர்ஸிடம் சண்டை போட வேண்டாம். பாட்டில் குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தைக் கையால் திருகி வேகத்தைக் கூட்டவே கூடாது. நீங்கள் உதவ விரும்பினால் சிறுநீர்ப் பையைக் கவனியுங்கள். 60 கிலோ எடைக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சில மணி நேரமாகப் பையில் அளவு ஏறவில்லை என்றாலோ, மூச்சு வாங்குகிறது என்றாலோ உடனே சொல்லுங்கள். ஹெமட்டோகிரிட்டும் யூரியாவும் இறங்குகின்றனவா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிகிச்சை பிடிக்கிறதா என்பதை அமைலேஸைவிட அவை நன்றாகச் சொல்லும்.

சாப்பாட்டிலும் பழக்கம் மாறியிருக்கிறது. முன்பு நாள்கணக்கில் பட்டினி போட்டார்கள். இப்போது லேசான நோயில் வாந்தி நின்று பசி எடுத்தால் சீக்கிரமே சாப்பிடக் கொடுக்கிறார்கள். வாய் வழியாகப் போகும் உணவு குடலின் சுவரைக் காக்கிறது என்பதே காரணம். எப்போது, எதை என்பதை வார்டில்தான் சொல்ல வேண்டும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மாதுளை வாங்கி ஜூஸ் பிழிந்து, ஆன்டிஆக்சிடன்ட் நிறைய இருக்கிறது என்று கேட்காமல் ஊட்டிவிடுவது வேண்டாம். சர்க்கரை நோயோ டிரைகிளிசரைடோ சேர்ந்திருப்பவருக்கு அந்த இனிப்பு கெடுதல்.

இனி, அந்தக் கேப்சூல் ஏன் கடையில் இருக்கிறது என்பது. கணைய அழற்சியில் திடீர் வகையும் உண்டு, வருஷக்கணக்கில் கணையம் தழும்பேறிச் சுருங்கும் நாள்பட்ட வகையும் உண்டு. இரண்டாவது வகையில் வலி வந்து வந்து போகும். அந்த நோயாளிகளுக்குச் செலினியம், வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், மெத்தியோனின் எல்லாம் சேர்ந்த மருந்தை 6 மாதம் கொடுத்து, வலி குறைந்ததாக 2009இல் ஆய்வு வெளியிட்டதே நம் தில்லி எய்ம்ஸ்தான். 127 பேர் அதில் இருந்தார்கள். இங்கிலாந்தில் 2012இல் வெளியான இன்னொரு சோதனையில் அப்படிப் பலன் தெரியவில்லை. அங்கிருந்த நோயாளிகள் வயதில் மூத்தவர்கள், குடியால் நோய் வந்தவர்கள் அதிகம். அதனால் விவாதம் தொடர்கிறது. ஆனால் நாள்பட்ட வகைக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த கேப்சூலை, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயருக்கு முன்னால் 'அக்யூட்' (திடீர் வகை) என்றிருக்கிறதா, 'குரோனிக்' (நாள்பட்ட வகை) என்றிருக்கிறதா என்று பாருங்கள். குரோனிக் என்றால் கேப்சூல் பற்றி டாக்டரிடம் பேசலாம். அக்யூட் என்றால் அந்தக் காசுக்கு வெறும் வயிற்றில் ஒரு டிரைகிளிசரைடு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பித்தக்கல்லால் வந்ததென்றால், ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் பித்தப்பை ஆபரேஷனை இங்கேயே முடித்துவிடலாமா என்று கேளுங்கள். லேசான நோயில், அதே தடவை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பித்தப்பையை எடுத்துவிட்டவர்களில் 5 சதவீதம் பேருக்குத்தான் பித்தக்கல் தொல்லையால் மறுபடி சேர வேண்டி வந்தது அல்லது உயிரிழப்பு நேர்ந்தது. சில வாரம் தள்ளிப்போட்டவர்களில் அது 17 சதவீதம். நெதர்லாந்தில் நடந்து 2015இல் வெளியான சோதனையின் கணக்கு இது.